பியானோவுக்குத் துருத்தி இல்லை

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். பசுமலையில் எங்கள் கல்லூரி விடுதியின் சாப்பாட்டுக் கூடத்தில், சாம்பார் வாளிக்காகக் காத்திருந்தபோது அந்தப் பேச்சை எடுத்தவன் என் அறை நண்பன்தான். கேசட்டில் ஒரு வெள்ளைக்காரன் ராக் பாட்டுப் பாடுகிறானே, பியானோவையும் அவனேதான் வாசிக்கிறான், ஒரே ஆள், ஒரே நேரத்தில் என்று மேசை முழுக்கக் கேட்கும்படி வியந்துகொண்டிருந்தான். எழுபதுகளின் கடைசி அது. சொந்தமாக டேப் ரெக்கார்டர் வைத்திருப்பவனின் பேச்சுக்கு விடுதியில் தனி மரியாதை இருந்தது. எனக்கு அதில் கொஞ்சம் வயிற்றெரிச்சல்.

"இதுல என்ன மாப்ள இருக்கு? நான் மூணாப்புல இருந்து பாடிக்கிட்டேதான் வாசிக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன்.

நான் வாசித்தது ஆர்மோனியம். செக்கானூரணிக்கு மேற்கே எங்கள் ஊர். விவசாயக் குடும்பம். மார்கழி முழுக்க விடியற்காலையில் பெருமாள் கோயிலில் பஜனை நடக்கும். அப்பா கைத்தாளம் தட்டுவார், நான் ஆர்மோனியம் வாசித்தபடி முதல் வரியைப் பாடுவேன், மற்றவர்கள் பின்னால் வாங்கிப் பாடுவார்கள். கல்லூரியில் சேர்ந்த பிறகும் மார்கழி விடுமுறைக்குப் போனால், பஸ்ஸை விட்டு இறங்கும்போதே "ஆர்மோனியக்காரத் தம்பி வந்துட்டாப்ல" என்று டீக்கடையில் பெஞ்சை விட்டு நகர்ந்து இடம் கொடுப்பார்கள். ஊரில் எனக்கு இருந்த மரியாதை அம்புட்டும் அந்தப் பெட்டியால் வந்ததுதான்.

கல்லூரியில் அதே சொல் கேலியாகிவிட்டது. முதல் வருடம் சீனியர்கள் என்னைப் பாடச் சொன்னார்கள். பாடினேன். பாடும்போது என் வலது கை பெஞ்சின் மேல் தானாக ஓட, இடது கை காற்றில் துருத்தி போட்டது. அன்றைக்கு வைத்த பெயர், ஆர்மோனியம். கான்வென்டில் படித்து வந்த பையன்கள் வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கும்போதுகூட என் முறை வந்தால் இடது கையை ஆட்டிக் காட்டுவார்கள். சிரித்துச் சமாளித்தேன், ஆனால் உள்ளுக்குள் அந்தப் பெயர் என்னைத் தின்றுகொண்டிருந்தது.

சாம்பார் மேசையில் நான் அடித்த பெருமையை நண்பன் அப்படியே நம்பிவிட்டான். மறுநாளே கல்லூரிக் கலைவிழாவுக்கு என் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தான். மேற்கத்திய இசை, தனிநபர், பாட்டும் பியானோவும். நோட்டீஸ் போர்டில் அதை இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். பின்வாங்கினால் படிப்பு முடியும்வரை நான் ஆர்மோனியம்தான். முழுப் பாட்டையும் பாடி வாசித்து இறங்கினால் அந்தப் பெயர் தொலையும். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான், பரிசுகூட வேண்டாம்.

கல்லூரிக் கூடத்தின் மூலையில் ஒரு பழைய பியானோ இருந்தது. மழைக்காலத்தில் அதன் கட்டைகள் ஊறிப்போய், அமுக்கினால் மேலே வராது. நடுவில் ஒரு கட்டை செத்தே போயிருந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கூடம் காலியாக இருக்கும். காவலாளி அப்போது மட்டும் திறந்துவிடுவார், அதுவும் ஒரு சினிமாப் பாட்டு வாசித்துக் காட்டுவதாகச் சொன்னால்தான். அந்தச் சினிமாப் பாட்டை ஆர்மோனியத்தில் போலவே ஒற்றைக் கையால், பாடிக்கொண்டே, நான் சுத்தமாக வாசித்தேன் என்பதுதான் வேடிக்கை. என் கஷ்டமே அதில்தான் இருந்தது.

ஆர்மோனியத்தில் வலது கை குரலின் பின்னாலேயே போகும். வாய் எந்தச் சுரத்தில் இருக்கிறதோ விரலும் அந்தக் கட்டையில் இருக்கும். இடது கைக்குத் துருத்தி போடுவதைத் தவிர வேறு வேலை கிடையாது. பியானோவில் அந்த வெள்ளைக்காரன் செய்தது வேறு. அவன் வாய் ஒரு பக்கம் போனது. வலது கை மூன்று நான்கு கட்டைகளைச் சேர்த்து அடித்துக்கொண்டு தன் போக்கில் இருந்தது. இடது கை கீழ்ச் சுரங்களில் தனியாக நடந்துகொண்டிருந்தது. ஒரே உடம்பில் மூன்று பேர். இது தெரியாமல்தான் நான் வாயை விட்டிருந்தேன்.

முதல் நாள் பழக்க தோஷத்தில் பியானோ ஸ்டூலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். நண்பன் தலையில் அடித்துக்கொண்டான். அவன் மதுரை ரயில்வே காலனிப் பையன், சர்ச்சில் கிட்டார் வாசிப்பவன். பியானோவிலும் எது எங்கே என்று தெரியும். ஆனால் வாயைத் திறந்தால் சுருதி பக்கத்தில்கூட வராது, அதனால்தான் என்னைப் பிடித்துக்கொண்டான். கைகளை மட்டும் அவன் சொன்னபடி வாசித்தால் ஒருவாறு வந்தது. பாட ஆரம்பித்த அடுத்த நொடி வலது கை எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் குரலின் பின்னால் ஓடியது. இடது கை கட்டையை விட்டு எழுந்து காற்றை முன்னும் பின்னும் தள்ளத் தொடங்கியது.

"காத்தடிக்காத மாப்ள" என்று கத்துவான். "இது என்ன சைக்கிள் டியூபா?"

நிறுத்துவேன். மறுபடி ஆரம்பிப்பேன். மறுபடி கை ஆடும். மறுபடி கத்துவான். பியானோவில் ஒரு கட்டையை அமுக்கினால் ஒலி கொஞ்ச நேரத்தில் தானாகத் தேய்ந்து போகும், ஆர்மோனியம் போல நிற்காது. அது தேயும்போதெல்லாம் காற்று போதவில்லை என்று என் இடது கைக்குத் தோன்றிவிடும். நான் என்ன செய்ய? கைக்கு யார் போய்ச் சொல்வது? ஒரு நாள் எழுந்து பியானோவின் மூடியை அறைந்து சாத்திவிட்டு, நீயும் உன் கேசட்டும் நாசமாய்ப் போங்கள் என்று வெளியே போய்விட்டேன். மலையடிவாரம்வரை நடந்து, வெயில் தாங்காமல் திரும்பி வந்தேன். அவன் அதே இடத்தில் வேர்க்கடலை தின்றபடி உட்கார்ந்திருந்தான். அது எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

அன்றைக்குத்தான் அவனுக்கு அந்த யோசனை வந்தது. பாடாதே, பேசு என்றான். கைகள் வாசிக்கட்டும், வாய் பஸ் நிறுத்தங்களைச் சொல்லட்டும். பெரியார் நிலையம், பழங்காநத்தம், பசுமலை, திருநகர், திருமங்கலம். கண்டக்டர் சொல்வது போலச் சொன்னேன். பேச்சுக்குச் சுரம் கிடையாது, அதனால் வலது கைக்குத் துரத்திப் போக ஏதும் இல்லை. அது இருந்த இடத்திலேயே இருந்தது. இடது கையும் தன் வேலையைப் பார்த்தது. காவலாளி எட்டிப் பார்த்து, திருப்பரங்குன்றத்தை விட்டுட்டீங்களே தம்பி என்று திருத்திவிட்டுப் போனார்.

அதன் பிறகு பேச்சைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பாட்டுக்குக் கொண்டுபோனோம். முதலில் நிறுத்தங்களையே மெட்டில் பாடினேன். அப்புறம் தமிழ் எழுத்தில் எழுதி வைத்திருந்த இங்கிலீஷ் வரிகளை. வலது கை அவ்வப்போது கயிறறுத்த கன்று போல ஓடும், இழுத்துக் கட்டுவேன். எரிச்சலிலேயே கழிந்த நாட்கள் அவை. ஒரு மதியம் பாட்டு முடிந்த பிறகுதான் கவனித்தேன், இடது கை ஒரு தடவைகூட எழவில்லை. நண்பனும் கத்தவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. தூசி என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தேன்.

டிசம்பர் தொடக்கத்தில் கலைவிழா. மேடையில் நான் ஏறியதும் பின்வரிசையில் இடது கைகள் ஆடத் தொடங்கின. கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தேன். செத்த கட்டை இரண்டு இடத்தில் காலை வாரியது, ஒரு வரி மறந்து முந்தின வரியையே திரும்பப் பாடினேன். ஆனால் கடைசிவரை போனேன். பாதிப் பாட்டிலேயே பின்வரிசைக் கைகள் நின்றுவிட்டதாக நண்பன் பிறகு சொன்னான். முதல் பரிசு மிமிக்ரி கலந்து பாடிய ஒருவனுக்குப் போனது. எனக்கு ஆறுதல் பரிசாகப் பிளாஸ்டிக் சோப்பு டப்பா கொடுத்தார்கள். போகட்டும். மறுநாள் மெஸ்ஸில் ஒருவன் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுச் சாம்பார் வாளியை நகர்த்தினான். ஆர்மோனியம் தொலைந்தது. அன்றைக்கு இருந்த சந்தோஷத்தில் நான் எத்தனை இட்லி தின்றேன் என்று எனக்கே தெரியாது.

பரீட்சைகள் முடிய மார்கழி கடைசி ஆகிவிட்டது. போகிக்கு முந்தின நாள்தான் ஊருக்குப் போனேன். பொங்கலன்று அவனியாபுரத்தில் ஜல்லிக்கட்டு மாடு பார்க்க வேண்டும் என்று நண்பனும் கூடவே வந்தான். நான் இல்லாத நாட்களில் வெறும் தாளத்தை வைத்தே பஜனையை ஓட்டியிருந்தார்கள். போகியன்று விடியலில் கோயிலுக்குப் போனபோது, கடைசி நாளாவது தம்பி வந்ததே என்று பெட்டியைத் துடைத்து என் முன்னால் வைத்தார்கள். நண்பன் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு எனக்குப் பின்னால் நடுங்கியபடி உட்கார்ந்தான்.

முதல் வரியை எடுத்தேன். வலது கை மூன்று கட்டைகளைச் சேர்த்து அமுக்கிவிட்டு அங்கேயே நின்றது. குரல் மேலே போனது, கை போகவில்லை. பெட்டி முனகி, இழுத்து, அடங்கிப்போனது. இடது கை என் மடியில் கிடந்தது. கூட்டம் அந்த வரியை ஆளுக்கொரு சுருதியில் வாங்கியது. அப்பா தாளத்தை நிறுத்தாமல் என் இடது கையைப் பார்த்தார். நான் அவசரமாகத் துருத்தியைப் பிடித்தேன். துருத்தி போட்டால் விரல் நின்றது, விரல் ஓடினால் துருத்தி நின்றது. மூன்றாம் வகுப்பிலிருந்து தெரிந்த வேலை. எனக்கு என் மேலேயே அப்படி ஒரு கோபம் வந்தது.

பின்னாலிருந்து நண்பன் நகர்ந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். என் இடது கையைத் துருத்தியிலிருந்து எடுத்து ஒதுக்கி வைத்தான்.

"நான் காத்தடிக்கிறேன் மாப்ள. நீ பாட்டை மட்டும் பாரு."

அந்தப் பருவம் முழுக்கக் காத்தடிக்காதே என்று கத்திய அதே ஆள். அவன் விடாமல் துருத்தி போட்டான். நான் ஒற்றை விரலால் குரலைத் தேடித் தேடிப் போனேன். எப்படியோ பஜனை முடிந்தது. அப்பா தாளத்தைத் துணியில் சுற்றிப் பையில் வைத்தார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

பிறகு வெண்பொங்கல் கொடுத்தார்கள். வாளியும் கரண்டியுமாக வந்த பெரியவர் எனக்கு ஒரு கரண்டி போட்டுவிட்டு, பக்கத்தில் திரும்பி என் நண்பனின் இலையைப் பார்த்தார்.

"ஆர்மோனியக்காரத் தம்பிக்கு இன்னும் கொஞ்சம் வைக்கவா?" என்று கேட்டார்.

அவன் என்னைப் பார்த்தான். பிறகு இலையை நீட்டினான். நான் என் இலையை மடித்துவிட்டேன்.