கணுக்காலில் கரையும் திருகாணி

மலேசியாவில் தாப்பாவுக்கு அருகே, பழைய ரப்பர் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா. இரதத்தின் முன் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தார்கள். 'படக்'கென்று ஒரு சத்தம். நல்ல முற்றிய காய் என்று நினைத்தேன். தேங்காய்த் தண்ணீரில் நான் வழுக்கி விழுந்ததில் உடைந்தது என் வலது கணுக்கால்.

பள்ளி வேன் ஓட்டுபவன் நான். பிரேக் மிதிக்கும் கால் அது. அது போனால் பிழைப்பும் போகும்.

ஈப்போ மருத்துவமனையில் அறுவை செய்து திருகாணி வைத்தார்கள். உலோகமில்லை, உடலுக்குள்ளேயே கரையும் பாலிமர் (சங்கிலிபோல் கோக்கப்பட்ட மூலக்கூறுகள்). அதை எடுக்க இன்னொரு அறுவை தேவையில்லை என்றார் மருத்துவர். 'கரையும்' என்றதோடு என் மூளை நின்றுவிட்டது.

கரைவதென்றால் எனக்குத் தெரிந்தது கிண்ணத்தில் துருவிப் போடும் ஐஸ் கச்சாங் மட்டும்தான். கட்டைப் பிரித்த பிறகும் வலது காலை நாற்காலியில் வைத்துவிட்டு, மிச்ச உடம்பை மட்டும் வெந்நீரில் குளிப்பாட்டினேன். பிசியோதெரப்பியில் (இயன்முறைச் சிகிச்சை) சொன்ன பயிற்சிகளையும் செய்யவில்லை. ஆட்டினால் சீக்கிரம் கரைந்துவிடுமே!

"உள்ள வச்சது என்ன, சூடமா?" என்றாள் மனைவி சரசு.

"உனக்கென்ன, கரையப்போறது என் காலுலா."

அடுத்த பரிசோதனையில் மருத்துவர் பாதத்தை மேலே மடக்கப் பார்த்தார். அது மசியவில்லை.

"எலும்பு நல்லா ஒட்டுது அண்ணே, ஸ்க்ரூ புடிச்சிருக்கு. காலுதான் கட்டையாட்டம் இருக்கு. பயிற்சி செய்றீங்களா?"

சரசு முந்திக்கொண்டாள். "பயிற்சியா? காலுக்கு இன்னும் தண்ணியே காட்டல டாக்டர்!"

மருத்துவர் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரமானது. "ரெண்டு பாலிமர் கலந்தது அண்ணே. ஒன்னு கெட்டி, ஆனா நொறுங்கும். இன்னொன்னு வளையும், ஆனா தனியா இறுக்கிப் பிடிக்காது. அளவா கலந்தா, எலும்பு ஒட்டுற வரைக்கும் தாங்கும். அப்புறம் உடம்போட ஈரத்துல மெதுவா கரையும். நீங்க குளிச்சாலும் கரையும், குளிக்காட்டியும் கரையும்லா."

"அப்ப வேன் ஓட்டலாமா?"

"இந்தக் காலோடயா? பிரேக் மிதிக்க மடங்கணும்லா. விடமாட்டேன்."

திருகாணி தன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருந்தது. காலைக் கெடுத்தவன் நான். அன்று மாலையே பயிற்சியைத் தொடங்கினேன். போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர் வேலியோரம் வந்து, சரசு என்னை அடிக்கிறாளா என்று கேட்டார்.

உங்கள் காலிலும் இதை வைத்தால், எப்போது கரையும் என்று மட்டும் கேட்காதீர்கள். அதுவரை நாம் என்ன செய்யவேண்டும் என்றும் கேளுங்கள்.

இப்போது மீண்டும் ஓட்டுகிறேன். திருகாணி இன்னும் கரைந்துகொண்டுதான் இருக்கிறது. முழுதாகப் போக வருடங்கள் ஆகுமாம். போகும் நாளில் வலிக்காது, சொல்லிக்கொள்ளவும் செய்யாது. என் அவசரம் எதுவும் எட்டாத ஒரு காலம் எனக்குள்ளேயே ஓடுகிறது.

பள்ளி வாசலில் பிரேக்கை மிதிக்கிறேன். அதில் எலும்பின் பங்கு எவ்வளவு, திருகாணியின் பங்கு எவ்வளவு, தெரியாது. வேன் நிற்கிறது. பிள்ளைகள் இறங்குகிறார்கள்.