ஓநாய் ஓடைச் சாலையை மூடுகிறவர்

கையுறையைக் கழற்றிய பிறகுதான் சென்ஸி பனிக்குள் கை விடுவார். மேட்டு வயலில் இடுப்பளவு குழி தோண்டி, அதன் சுவரில் மேலிருந்து கீழாக விரல்களை இழுத்துக்கொண்டே வருவார். ஓரிடத்தில் விரல்கள் நிற்கும். அங்கே பனி ஒட்டாமல் சர்க்கரை போலப் பொலபொலவென்று உதிரும். அதை உள்ளங்கையில் ஏந்தி ஊதிப் பார்ப்பார். "இதுக்கு மேல எத வச்சாலும் நிக்காது" என்பார். நாங்கள் பக்கத்தில் நின்றாலும் குழியைப் பார்த்துத்தான் சொல்வார்.

எங்கள் பள்ளத்தாக்கிலிருந்து வெளியே போக ஒரே சாலை. ஊரைத் தாண்டியதும் அது ஓநாய் ஓடையின் அடிவாரத்தைக் கடக்கிறது. என் அப்பா சிறுவனாக இருந்த ஒரு குளிர்காலத்தில் ஓடைக்கு மேலே சரிவில் கிடந்த பனி மொத்தமாக இறங்கி வந்து கீழ்த்தெருவை மூடியது. இறந்தவர்களின் பெயர்கள் சாலையோரச் சிற்றாலயத்தின் சுவரில் இருக்கின்றன. பாதிக்கு மேல் சென்ஸியின் குடும்பப் பெயர். அதனால்தான் அவரைப் பனிச்சரிவுக் குழுவின் தலைவியாக்கினோம் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் வேறு யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. பனி இறங்குமா என்று பார்த்துச் சாலையை மூடுவதும் திறப்பதும் இந்தக் குழுவின் வேலை. அதில் மூன்று பேர்தான். பள்ளி வேன் ஓட்டும் சென்ஸி, ரொட்டி சுடும் நான், பனி அள்ளும் வண்டி ஓட்டும் காசியன்.

இந்த ஊரில் பிறந்தும் அவர் பனிச்சறுக்குப் பலகையில் ஏறியதே இல்லை. "மேல ஏத்திவிட ஒரு மெஷினு, கீழ வழுக்கிட்டு வர ஒரு பலக. நடுவுல இவங்க என்னதான் பண்றாங்க?" என்று கேட்பார். ஆனால் சறுக்க வருகிற வெளியூர்க்காரர்களை ஒருநாளும் இளக்காரமாகப் பேசமாட்டார். எங்கள் தாத்தாக்கள் ஏழு, எட்டு வயதில் கணவாய் தாண்டி அயலார் மாடுகளை மேய்க்கப் போனவர்கள். வீட்டில் அவர்களுக்குப் போடச் சோறில்லை. இன்று அயலார் இங்கே வருவதால் எங்கள் பிள்ளைகள் வீட்டில் இருக்கிறார்கள். இதை நன்றாகத் தெரிந்துகொண்டுதான் சென்ஸி சாலையை மூடுகிறார்.

போன பிப்ரவரியில் மூடியது ஒரு வெள்ளிக்கிழமை. மறுநாள் சனி, தங்கியிருந்தவர்கள் கிளம்பி, புதியவர்கள் வந்துசேரும் நாள். சனிக்கிழமை காலையிலேயே தடுப்புக் கட்டைக்குப் பின்னால் கார்கள் வரிசைகட்டி நின்றன. பெரிய ஓட்டல் வைத்திருக்கும் விகில் கோட்டுக்குப் பொத்தான்கூடப் போடாமல் வந்தார். அவரும் சென்ஸியும் ஒரே வகுப்பில் படித்தவர்கள்.

"போன வருஷமும் மூடுன. ஒண்ணும் வரல."

"ஆமா, வரல."

"உன் கை சொல்றதக் கேட்டுத்தான் நான் ஓட்டல் நடத்தணுமா?"

"எங் கை மட்டும் சொல்லல. காசியன் வண்டிக்கு அடியிலயே மேட்டுப் பனி விரிசல் விட்டுருக்கு. வா, காட்றேன்."

விகில் போகவில்லை. காறித் துப்பிவிட்டுத் திரும்பி நடந்தார்.

அன்று பிற்பகல் நகரத்து மருத்துவமனையிலிருந்து சென்ஸிக்கு அழைப்பு வந்தது. அவர் கணவர் ரோமெட் நுரையீரல் நோயால் அங்கே படுத்திருந்தார். அந்த வாரம்தான் கொஞ்சம் தேறியிருந்தார். திடீரென்று மூச்சு வாங்குகிறது, முடிந்தால் வரச் சொன்னார்கள். ஹெலிகாப்டர் பறக்க வழியில்லை. மேகம் கூரைகளின்மேல் படுத்திருந்தது.

விஷயம் வரிசை முழுக்கப் பரவியது. காசியன்தான் முதலில் வாயைத் திறந்தான். "என் வண்டியில ஏறு. ஓடையத் தாண்ட எவ்வளவு நேரம் ஆகப்போகுது? கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள அந்தப் பக்கம் போயிடலாம்."

விகில் திரும்பி வந்திருந்தார். குரல் இறங்கியிருந்தது. "போ சென்ஸி. உனக்குத் தொறந்தீன்னு நாங்க யாரும் கேக்க மாட்டோம். என் ஆளுங்களையும் நானே பாத்துக்கறேன்."

சென்ஸி சரிவு இருந்த திசையைப் பார்த்தார். அங்கே வெண்மையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

"விழுந்துச்சுன்னா தோண்ட வர்றது யாரு? நீங்கதானே. நீங்க தோண்டிட்டிருக்கும்போது மிச்சமும் இறங்கும்" என்றார். பிறகு காசியனிடம், "உன் சின்னவளுக்கு இன்னும் பல்லுகூட மொளைக்கல" என்றார்.

வேனுக்குள் உட்கார்ந்து, ரோமெட்டின் காதில் போனை வைக்கும்படி செவிலியிடம் கேட்டார். கதவு திறந்தே இருந்தது. விலகிப் போகலாமா என்று யோசித்தேன், போகவில்லை. அழுகை எதுவும் கேட்கவில்லை. தினமும் சாயங்காலம் வீட்டில் அவரிடம் சொல்வதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அடியில சர்க்கர மாதிரி கெடக்கு, ரோமெட். மேல புதுசு என் தோள் ஒசரம். காத்து மேக்கேருந்து. மூடிட்டேன். விகில் கத்துனான், அப்புறம் சரியாயிட்டான். நீ பேச வேணாம். மூச்ச மட்டும் விடு, எனக்குக் கேக்குது."

வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். போன் காதைவிட்டு இறங்கியபோது வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. இறங்கி வந்து தடுப்புக் கட்டையின் மேலிருந்த பனியைக் கையால் வழித்துவிட்டார். விகில் தொப்பியைக் கழற்றினார். வரிசையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கார் எஞ்சினை அணைத்தார்கள்.

ஞாயிறு மதியம் வானம் வெளுத்தது. பனியைத் தாங்களே இறக்கிவிட ஹெலிகாப்டரிலிருந்து சரிவில் வெடி போட்டுப் பார்த்தார்கள். இரண்டு முறை போட்டும் சரிவு அசையவில்லை. மூடி வைத்திருந்த நாட்களில் பனி தன் கனத்திலேயே அமுங்கி இறுகிவிட்டது என்றார்கள். சென்ஸியே கட்டையைத் தூக்கினார். கார்கள் எல்லாம் ஓரம் ஒதுங்கி அவருடைய வேனுக்கு வழிவிட்டன.

அடக்கத்துக்கு ஊரே வந்தது. ஆனால் பிறகு மதுக்கடையில், "வராததுக்குப் போயி புருஷன விட்டுட்டாளே" என்று யாரோ சொன்னார்கள். அது அவர் காதுக்கும் போயிற்று. ஒருநாள் ரொட்டி வாங்க வந்தபோது அவராகவே ஆரம்பித்தார்.

"அந்த வெடி போட்டப்ப, பனி வந்துடக்கூடாதான்னு நெனச்சேன். ஒரு நிமிஷம். வந்திருந்தா எல்லாரும் பாத்திருப்பாங்கல்ல."

நான் அவருக்கான ரொட்டியைக் காகிதத்தில் சுற்றினேன்.

"அப்புறம் அந்தக் கீழ்த்தெரு வீடுங்களப் பாத்தேன்" என்றார். ரொட்டியைப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

அந்தப் பனி கடைசிவரை இறங்கவில்லை. சூடு ஏற ஏற நீராகி ஓடையில் போயிற்று. மே மாதத்தில் வெயில் சுள்ளென்று அடித்த ஒரு காலை, நானும் அவரும் சிற்றாலயத்துக் கூரையைச் சரிபார்க்கப் போயிருந்தோம். சைக்கிளில் வந்த ஒரு வெளிநாட்டு ஜோடி ஓடையடியில் நின்றது. மேலே உச்சியில் கைக்குட்டை அளவுக்கு வெள்ளை மிச்சமிருந்தது. அது பின்னால் தெரியும்படி ஒரு படம் எடுத்துத் தரமுடியுமா என்று சென்ஸியிடம் போனை நீட்டினார்கள்.

அவர் வாங்கிக்கொண்டார். ஒருமுறை மேலே பார்த்தார். பிறகு இருவரின் முழங்கையையும் மெல்லப் பிடித்து, சிற்றாலயத்தைத் தாண்டி, சரிவு எட்டாத சாலை வளைவுக்குக் கூட்டிப்போய் நிறுத்திவிட்டு, படம் எடுத்தார்.