துவாயில் சுற்றிய மாதா

காலை ஒன்பதரை மணிக்குக் கதவைத் திறந்தபோது முதலில் கண்ணில் பட்டவை மேரி அக்காவின் கையிலிருந்த பூக்கள். மாதா சுரூபத்தை, அந்தச் சிறிய சிலையை, அடுத்த வீட்டுக்கு எடுத்துப்போக வந்திருந்தார். 2005 ஒக்டோபர், செபமாலை மாதம். ஜேர்மனியின் ஹம் நகரிலிருந்த தமிழ்க் கத்தோலிக்க வீடுகளில் அந்தச் சுரூபம் கிழமைக்கு ஒரு வீடாக, ஏழேழு நாள் தங்கிச் சுற்றிவரும். அன்றோடு எங்கள் முறை முடிந்தது.

சுரூபம் வந்தபடியே, குளியல் துவாயில் சுற்றிச் சோபா மூலையில் கிடந்தது. நான் அதை அவிழ்க்கவேயில்லை. எனக்கு முதியோர் இல்லத்தில் வேலை, கணவருக்குத் தொழிற்சாலையில் இரவு வேலை. ஒரு வயது மகள் அழுதால் பால் கொடுப்பேன். ஆனால் அழுகை பக்கத்து வீட்டில் கேட்பதுபோல இருக்கும். செபமும் அப்படித்தான் ஆகியிருந்தது.

அக்கா துவாயைப் பார்த்தார். ஞாயிறு பூசைக்கு முன் இது எல்லா வீட்டுக்கும் தெரிந்துவிடும் என்று நினைத்தேன்.

“செபம் சொல்ல ஏலாமக் கிடக்கு அக்கா. பிள்ளையைப் பார்த்தாலும் மனசில ஒண்டும் வருகுதில்லை.”

“ஓம், முகத்திலயே தெரியுது.” பிள்ளையை என்னிடமிருந்து வாங்கினார். “மாதாவும் வீடு வீடாத் திரிஞ்சு களைச்சிருப்பா. படுத்திருக்கட்டும். நீரும் போய்ப் படும்.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் போய்ப் படுத்தேன்.

எழுந்தபோது மத்தியானம் கடந்திருந்தது. குசினியில் சோறு வெந்திருந்தது. அக்கா தொலைபேசியில் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார்: “இல்லை, மாதா இந்தக் கிழமையும் இஞ்சதான் நிக்கிறா.”

என் மனம் அன்றே திரும்பிவிடவில்லை. தனியாக இல்லை என்பது மட்டும் தெரிந்தது.

அந்தக் கிழமை மாலைகளில் அவரே வந்து செபமாலை சொன்னார். நான் பிள்ளையோடு பக்கத்தில் இருந்தேன்.