நைனாவின் இடது கை

கழற்றி மாட்டிக் கற்றுக்கொள்ளலாம் என்று நானும் மகளும் காலடிப்பேட்டை வீட்டின் பின்னறையில் மூன்று பழைய கம்ப்யூட்டர்களை அடுக்கினோம். முதல் ஸ்விட்சைப் போட்டதும் தூசி கருகும் வாசனை வந்தது. நான் போட்ட அலறலில் எதிர்வீட்டு நாய் ஓடிவிட்டது. கம்ப்யூட்டர்தான் அசரவில்லை.

என் சின்ன வயதில் எங்கள் வீட்டு டிவியிலும் இதே வாசனைதான் வரும். என் நைனா விசைப்படகில் நடுக்கடலுக்குப் போகிறவர். கரண்ட் என்றால் மட்டும் கிலி. ரப்பர் செருப்பு மாட்டி, பலகை மேல் ஏறி, துடுப்பு நுனியால்தான் ஸ்விட்சைத் தட்டுவார்.

"பொயலுக்கே அஞ்சாத ஆளு, பொட்டிக்கு இன்னாய்யா இந்த ஆட்டம்?" என்று அம்மா சிரிப்பாள்.

"அலை வர்றது கண்ணுக்குத் தெரியும்மே. இது தெரியாம கட்ச்சிரும்."

அப்போதும் உப்பு காய்ந்த இடது கையால் பிள்ளைகள் எங்களைப் பின்னுக்குத் தள்ளிவிட்டுத்தான் தட்டுவார். வெடித்தால் அவரோடு போகட்டுமாம்.

"தூசிதான் சூடாவுது. கைய எடுப்பா, ஒண்ணும் தெரியல," என்றாள் மகள்.

அப்போதுதான் பார்த்தேன். என் இடது கை அவளை மறித்து நீண்டிருந்தது. எடுக்கத்தான் மனம் வரவில்லை.