பாக்கியம் செய்த தராசு

நனைந்த தேயிலைக் கொழுந்துச் சாக்கின் பச்சை வாசனை மூக்கில் ஏறும்போதெல்லாம், மடுல்சீமைத் தோட்டப் பள்ளிக்கூடத்தின் தகரக் கூரையின்கீழ் ஒரு மூங்கில் கோலில் விரலோட்டி நிற்கும் பாக்கியம் என் நெஞ்சில் எழுகிறாள்.

பிறவியிலேயே பார்வையற்ற அவள் என் வகுப்புத் தோழி. அந்த மழைக்காலத்தில் பதுளை நகரப் பள்ளி மாணவரும் நாங்களும் ஓர் ஆய்வில் கூட்டுச் சேர்ந்திருந்தோம். மழை சரிவிலிருந்து அரித்துவரும் மண்ணைத் தகரங்களில் பிடித்து, சரிபாதியாகப் பிரித்து, இரு பள்ளிகளிலும் நிறுத்துப் பார்க்க வேண்டும். அவர்களிடம் பித்தளைத் தராசு இருந்தது. எங்களிடமோ, வெட்டுகளைத் தடவியே எடையறியும்படி பாக்கியம் தானே செய்த மூங்கில் தூக்குக்கோல். முடிவுகள் ஒத்துவந்தால் பதுளைக் கண்காட்சியில் அக்கோலுடன் அவளும் மேடையேறலாம் என்றார் ஆசிரியர்.

அவள் எடை சொல்வாள், நான் எழுதுவேன். எங்கள் எடை ஒவ்வொரு முறையும் குறைந்தே வந்தது. "கண்ணு தெரியாத புள்ள தடவுறது, அப்பிடித்தான் இருக்கும்" என்றனர் பெரியவர்கள், இரக்கத்தோடுதான்.

காரணமறிய நகரப் பள்ளிக்கு அனுப்பப்பட்ட நான், அவர்கள் நிறுப்பதைப் பார்த்து, "ஈரத்துக்கு எவ்வளவு கழிக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"மண்ணுக்கு என்னடா கழிவு? நீ என்ன கணக்கப்பிள்ளையா?" என்று ஒருவன் கேட்க, எல்லோரும் சிரித்தனர்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கொழுந்து நிறுக்கும் "மடுவத்தில்", சாக்குக்கும் ஈரத்துக்கும் கழித்த பிறகே தோட்டத்துக் கணக்கப்பிள்ளை அம்மா பறித்த கொழுந்தின் எடையை எழுதுவார்; நிறுவை என்றாலே அதுதான் என்று வளர்ந்த நான், பாக்கியம் சொன்ன ஒவ்வோர் எடையிலும் யாரும் கேளாமலே கழித்து எழுதியிருந்தேன்.

பஸ்ஸை விட்டிறங்கி, பாக்கியம் குடியிருந்த லயத்துக்கு ஓடினேன். வாசற்படியில் அவள் அரத்துடன் அமர்ந்திருந்தாள்.

"வா ராசு. பழைய வெட்டையெல்லாம் தேச்சிட்டேன். டவுன்காரங்க எடைக்குச் சரியா புதுசா போட்டிருக்கேன். மொதல்ல வெட்டயிலயே என் வெரலு ஏமாத்திருச்சு போல."

நடந்ததைச் சொன்னேன். கோலில் தேய்த்த இடங்களை விரலால் தடவினாள்.

"அப்ப நல்ல தராசத்தான் கெடுத்தேனா? நல்ல கணக்கப்பிள்ளடா நீ" என்று சிரித்தாள். அதற்கு அவள் ஒரு கடுஞ்சொல்லே சொல்லியிருக்கலாம்.

ஆசிரியரிடமும் சொன்னேன், அவர் எடைகளைத் திருத்தினார். ஆனால் மறுநாளே கண்காட்சி; கோலில் சரியான வெட்டுகளை மீண்டும் போட நேரமில்லை. பித்தளைத் தராசு மேடையேறியது. கோல் அடுப்புக்குப் போயிற்று. இன்னொன்று செய்யச் சொன்னபோது, "வெரல நம்பி இனி வெட்ட மாட்டேன்" என்றாள். வெட்டவுமில்லை.

இன்று எங்கள் மலைப் பள்ளிகள் கூடி ஆய்வு செய்கின்றன. எடையை வாய்விட்டுச் சொல்லும் தராசும் வந்துவிட்டதாம். அந்தத் தகரக் கூரை இல்லை. அந்தக் கோலும் இல்லை. அந்தியில் விளக்கேற்றிப் பதிகம் ஓதுகையில், இறைவன் பெயரோடு உருத்திராக்க மணிகள் விரலில் நகர்கின்றன. ஒவ்வொரு மணியிலும் அவள் தேய்த்தழித்த வெட்டுகளே தட்டுப்படுகின்றன.