பேடில் ஒட்டியிருந்த குங்குமம்

மாசி மகத்தன்று எங்கள் ஊர்ப் பெருமாள் மாமல்லபுரம் கடலுக்குத் தீர்த்தவாரிக்குப் போவார். எங்களுடையது புதுப்பட்டினத்துக்கு உள்ளே தள்ளி இருக்கிற சின்ன ஊர். டிராக்டரில் பெருமாள் முன்னே போக, பின்னால் வேனில் பஜனைக் குழுப் பெண்கள் நாங்கள். அந்த முறை பூக்கூடை, புளியோதரைத் தூக்கோடு ஷாக் பெட்டியும் வேனில் ஏறியது.

ஷாக் பெட்டி என்பது நாங்கள் வைத்த பெயர். நெஞ்சுத் துடிப்பு கெட்டு விழுந்தவருக்கு மின்சாரம் கொடுத்து அதைச் சீராக்கப் பார்க்கிற கருவி. சிறுசேரியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் எங்கள் ஊர்ப் பிள்ளை ஒருவர் அதைக் கோயிலுக்கு உபயமாகக் கொடுத்தார். கொடுத்ததோடு நிற்காமல் ஒரு நர்சம்மாவையும் அழைத்து வந்து, மண்டபத்தில் எங்களுக்குச் சொல்லிக்கொடுக்க வைத்தார்.

நான் எட்டாவதோடு நின்றவள். ஆனாலும் நர்சம்மா சொன்னது எனக்குச் சுலோகம் மாதிரி மனப்பாடம் ஆனது. ஆள் நினைவும் சரியான மூச்சும் இல்லாமல் விழுந்தால் 108-க்குச் சொல்லிவிட்டு, நெஞ்சின் நடுவில் அழுத்த ஆரம்பிக்க வேண்டும். பெட்டி வந்ததும் அதன் சுவிட்சைப் போட்டுவிட்டு, நெஞ்சில் ஈரம் இல்லாமல் துடைத்து, பேடு என்கிற இரண்டு பசை அட்டைகளை ஒட்ட வேண்டும். ஒன்று வலது பக்கம் கழுத்தெலும்புக்குக் கீழே, இன்னொன்று இடது அக்குளுக்குக் கீழே விலாவில். பெட்டி இங்கிலீஷில் பேசும். அது நெஞ்சைப் பார்க்கும்போதும் ஷாக் கொடுக்கும்போதும் ஒருத்தரும் அவரைத் தொடக் கூடாது. "பேடு கவர மட்டும் வேணும்ங்கிற நேரத்துக்கு முன்னாடி பிரிக்காதீங்கம்மா, பசை காஞ்சிடும்" என்று போகும்போது வாசலில் நின்றும் ஒரு தடவை சொன்னார்.

பெட்டி அக்காவின் பொறுப்பில் இருந்தது. கூடப் பிறந்தவர் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர், பஜனைக் குழுவை நடத்துகிறவர். எங்கள் வீட்டுச் சாவி அவர் வீட்டு ஆணியில்தான் தொங்கும். அவ்வளவு நம்பிக்கை.

ஆயுத பூஜையின்போது நான் சிங்கப்பெருமாள் கோயிலில் மகள் வீட்டில் இருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் பெட்டிக்குச் சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் ஆகியிருந்தது. எனக்கும் அது சந்தோஷம்தான். இருந்தாலும் கேட்டேன்.

"உள்ள எதையும் தொடலியேக்கா?"

"யாரு தொட்டா? மேலால பொட்டு வெச்சதோட சரி. பச்ச லைட்டு எரிஞ்சிகினு கீது பாரு. உனுக்கு எதுக்கெடுத்தாலும் பயம்."

பச்சை விளக்கு எரிந்தது. நம்பினேன்.

என் வீட்டுக்காரருக்குப் புதுப்பட்டினம் கடைத்தெருவில் மளிகைக் கடை. பெருமாளைத் தோளில் சுமந்து கடலில் இறங்குகிறவர்களில் அவரும் ஒருவர். அன்றைக்குத் தீர்த்தவாரி முடிந்து சொட்டச் சொட்டக் கரையேறி வந்தவர், "ந்தா, இன்னாமோ மாரி கீது" என்றார். அடுத்த அடி வைக்கவில்லை. மணலில் சாய்ந்துவிட்டார். கூப்பிட்டேன், உலுக்கினேன். பதில் இல்லை, மூச்சும் இல்லை.

ஆண்கள் அவரை ஈரம் இல்லாத மணலுக்கு இழுத்தார்கள். ஒருவர் 108-க்குப் பேசினார். நான் அழுத்த ஆரம்பித்தேன். பெட்டியைக் கேட்டபோது அக்கா அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஆம்புலன்ஸ் ரோட்டுலதான் கீதாம், வந்துடும். இது எதுக்கு இப்போ?"

"குடுக்கா."

யாரோ பிடுங்கிக் கொடுத்தார்கள். காய்ந்த துண்டால் நெஞ்சைத் துடைத்தேன். கவரை எடுத்தால் அதன் வாயில் செலோடேப் ஒட்டியிருந்தது. பிரித்தேன். பேடின் மேல்தாள் பாதி உரிந்திருந்தது. பசை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு குங்குமப் பொட்டு. பேடு அப்பளம் மாதிரி விறைத்துக் கிடந்தது. வைத்து அழுத்தினேன், விளிம்பு எழும்பியது. பெட்டி பேடைப் பார், பேடைப் பார் என்று திரும்பத் திரும்ப இங்கிலீஷில் சொல்லிக்கொண்டே இருந்தது.

"ஈரமா கீது, நல்லா தொடைம்மா" என்று கூட்டத்தில் ஒரு குரல். மறுபடி துடைத்தேன். தோல் சிவந்ததே தவிர பேடு ஒட்டவில்லை. விட்டுவிட்டு மறுபடி அழுத்தினேன். என் கை தளர்ந்தபோது மீன்காரர் ஒருவர் மண்டி போட்டார். "நவுரும்மா. நான் அழுத்துறேன், நீ மூச்சு வாங்கிக்கோ."

கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து சேர்ந்தார்கள். அவர்களுடைய கருவி, அவர்களுடைய பேடு. உடனே ஒட்டியது. எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லி ஷாக் கொடுத்தார்கள். பெருமாள் என்னைக் கைவிடவில்லை. நாடி திரும்பியது.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியிலிருந்து அவர் வீட்டுக்கு வந்தார். ஆனால் பழைய ஆளாக வரவில்லை. மூளைக்கு ரத்தம் போகாமல் இருந்த நேரம் அதிகம் என்றார் டாக்டர். கடையில் துவரம்பருப்பு மூட்டைமேல் கையை வைத்துக்கொண்டு அதன் பேர் வராமல் நிற்பார்.

ஊரில் வேறு பேச்சு. பூக்காரம்மாதான் முதலில் சொன்னாள். "ஈரத்தோட ஒட்டிட்டியாமே. பாவம், பதட்டத்துல இன்னா பண்ணுவ நீ."

நேரே அக்காவிடம் போனேன். அவர் மறைக்கவில்லை. "ஆயுத பூஜையப்போ, உபயம் குடுத்த புள்ள போட்டோ அனுப்புங்கன்னிச்சி. பிரிச்சிக் காட்டுனேன். பிரிச்சது பிரிச்சாச்சி, அதுக்கும் ஒரு பொட்டு வெச்சேன்."

"என்கிட்ட ஏன்க்கா சொல்லல? இப்ப ஊரே நான் தொடைக்கலன்னு சொல்லுது."

"நான் சொல்லல."

"இல்லன்னும் சொல்லலியே."

"உயிரோட தான கீறாரு? வுடேன். பூஜையில தப்பு நடந்துச்சின்னா கோயிலுக்குத் தான கெட்ட பேரு."

அதையும் பொறுத்திருப்பேன். ஒரு காலையில் அக்கா பிரசாதப் பொங்கலோடு வந்து என் வீட்டுக்காரர் எதிரில் உட்கார்ந்திருந்தார். அவர் என்னைப் பார்த்து, வார்த்தை வார்த்தையாகத் தேடிக் கேட்டார். "அன்னிக்கி... நீ... சரியா தொடச்சியா?"

நான் அக்காவைப் பார்த்தேன். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"பொங்கல் ஆறுது, சாப்டுங்க" என்றார் அக்கா.

அந்தப் பேடை நான் எறிந்திருக்கவில்லை. எடுத்து வந்து என் வீட்டுக்காரர் கையில் வைத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். குங்குமத்தின்மேல் விரலை ஓட்டினார். "காஞ்சி கீதே" என்றார். பிறகு தலையைத் தூக்கி அக்காவைப் பார்த்தார். அக்கா பாத்திரத்தைக்கூட எடுக்காமல் எழுந்து போனார்.

பாத்திரத்தைக் கழுவி அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆணியிலிருந்து எங்கள் வீட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு வந்தேன்.

கோயிலுக்குப் புதுப் பேடு வந்துவிட்டது. அதைத் தினமும் போய்ப் பார்க்கிறேன், கவர் பிரியாமல் இருக்கிறதா என்று. பஜனை இல்லாத நேரமாகத்தான் போகிறேன். பெருமாள் முன்னால் நின்று எல்லோருக்கும் வேண்டிக்கொள்கிறேன். அக்கா முறை வரும்போது மட்டும் வாய் எழும்பவில்லை. எழும்புகிற அன்றைக்கு அவருக்கும் சேர்த்து வேண்டிக்கொள்வேன்.