நசீர் பாய் கடையின் மூன்றாவது மெஷின்

நான் டி.வி. மெக்கானிக். ஒயர், வோல்ட், சால்டரிங்... எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். கதை கட்டத் தெரியாது. 1986 ஆகஸ்ட் 22, வெள்ளிக்கிழமை, மதியம் ஒரு மணிக்கு மேல் ஆம்பூரில் ஒரு பூட்டிய கடைக்குள் எனக்கு நடந்ததை, நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன். நசீர் அகமது இன்றைக்கும் இருக்கிறார். சந்தேகம் உள்ளவர்கள் அவரையே கேட்டுக்கொள்ளலாம்.

நசீர் பாய் ஷூ கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தவர். வேலையை விட்டுவிட்டு, ஸ்டேஷனுக்குப் போகும் சந்தில் வீடியோ கேம் கடை வைத்தார். மூன்று மெஷின்கள். இரண்டு எல்லா ஊரிலும் இருப்பவை. மூன்றாவது, ஏப்ரல் மாதம் மெட்ராஸில் பழைய சாமான் குவியலிலிருந்து எடுத்து வந்தது. வெறும் சர்க்யூட் போர்டுதான் வந்தது. மரப்பெட்டி, பிக்சர் டியூப், கைப்பிடி எல்லாம் நான் பொருத்தியவை.

அந்த மாதிரி போர்டை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு தட்டு, நடுவே பட்டையான ஒயர். மற்ற மெஷின்களின் கனெக்டர் இதில் சேரவில்லை. முப்பத்தாறு பின்னையும் மீட்டர் வைத்துத் தேடி, நானே ஒயர் இழுத்தேன். பெரிய சிப்புகளின் மேலிருந்த பெயரை யாரோ சுரண்டி எடுத்திருந்தார்கள். எந்த ஊர், எந்தக் கம்பெனி... ஒன்றும் இல்லை. ஸ்விட்ச் போட்டதும் ஓடியது. கீழே ஒரு சின்ன விமானம், மேலிருந்து இறங்கும் பூச்சிகள். ஷிஃப்ட் முடிந்து வரும் ஆட்கள் வரிசையில் நின்று ஆடினார்கள்.

ஒன்று மட்டும் எனக்கு உறுத்தியது. கரண்ட் போனால் ஸ்கோர் அழிய வேண்டும். நினைவு வைத்துக்கொள்ள அந்தப் போர்டில் பாட்டரி கிடையாது. ஆனால் முதலிடத்து ஸ்கோர் மட்டும் அழியவில்லை. ஒவ்வொரு வெள்ளிக்குப் பிறகும் கொஞ்சம் ஏறியிருந்தது. பெயர் இருக்க வேண்டிய இடம் காலி.

ஆகஸ்டில் எதிர்வீட்டு ஷஹீன் பானு, கட்டட ஓனர் குர்ஷித்திடம் புகார் சொன்னார். வெள்ளி மதியம் ஜும்மா தொழுகை நேரத்தில், பூட்டிய கடைக்குள் யாரோ கேம் ஆடுகிறார்கள் என்று. குர்ஷித் நசீர் பாயைக் கூப்பிட்டு ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். இன்னொரு வெள்ளி சத்தம் கேட்டால் கடையைக் காலி செய்ய வேண்டும். நசீர் பாய்க்கு வேறு பிழைப்பு இல்லை.

"பேஜாரா இருக்குது தேவா," என்றார் என்னிடம். "சந்துல எல்லாரும் மசூதிக்குப் போய்டுவோம். நீ சர்ச்சுக்குப் போற ஆளு. அந்த நேரத்துல உள்ள உக்காரு. எவன் உள்ள பூர்றான்னு பாரு."

"வெளிய பூட்டிக்கிட்டுப் போங்க பாய். அப்பதான் சரியாத் தெரியும்."

அப்படிச் சொன்னது நான்தான்.

12.50. ஷட்டர் இறங்கியது. பூட்டு விழுந்தது. மூன்று மெஷினையும் அணைத்துவிட்டு, மூன்றாவதன் பின்கதவைத் திறந்து வைத்து, ஸ்டூலில் உட்கார்ந்தேன். தலைக்கு மேல் ஃபேன் மட்டும் ஓடியது.

1.08. கரண்ட் போனது. ஃபேன் மெல்ல மெல்ல நின்றது. ஷட்டருக்குக் கீழே ஒரு கோடு வெளிச்சம். அவ்வளவுதான். சந்தில் ஒரு செருப்புச் சத்தம்கூட இல்லை.

1.19.

டிங்...

காசு விழுந்த சத்தம். காசுப் பெட்டியைத் திறந்து டார்ச் அடித்தேன். காலி.

தலையைத் தூக்கினேன். மூன்றாவது மெஷினின் திரை எரிந்துகொண்டிருந்தது.

பிளக் பாயிண்டில் டெஸ்டர் வைத்தேன். எரியவில்லை. கரண்ட் இல்லை. ஆனால் விமானம் நகர்ந்தது. பூச்சிகள் இறங்கின. கைப்பிடி இடப்பக்கம் சாய்ந்தது... வலப்பக்கம் சாய்ந்தது. பட்டன் தானாக அமுங்கியது. க்ளிக். க்ளிக். க்ளிக்.

அவசரமே இல்லாத ஆட்டம். நன்றாகப் பழகிய கை.

பின்பக்கம் ஓடி, கனெக்டரைப் பிடுங்கினேன். பெட்டியின் ஓரமாக எட்டிப் பார்த்தேன்; படம் போகவில்லை. நாலு திருகையும் கழற்றி, போர்டையே வெளியே இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். திரைக்கும் போர்டுக்கும் இடையே இப்போது ஒரு ஒயர்கூட இல்லை.

ஆட்டம் நடந்தது.

க்ளிக். க்ளிக்.

மடியில் போர்டு சூடாகிக்கொண்டே வந்தது. தள்ளிவிட நினைத்தேன். உள்ளங்கை ஒரு சிப்பின் மேல் பட்டுச் சுட்டது. கத்தினேன்.

பட்டன் சத்தம் நின்றது.

கைப்பிடி நடுவில் வந்து நின்றது.

நான் இருப்பது அதற்குத் தெரிந்துவிட்டது.

1.31. இரண்டாவது ஆட்டக்காரரின் பட்டன் மட்டும் மினுக்கத் தொடங்கியது.

காத்திருந்தது...

நான் அசையவில்லை என்றுதான் நினைத்தேன். ஆனால் எழுந்து முன்பக்கம் வந்திருந்தேன். என் வலது கை பட்டனை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. நான் அனுப்பவில்லை.

ஒரு சாண்.

நாலு விரல்.

பக்கத்தில் யாரோ மூச்சை இழுத்துப் பிடித்தார்கள்.

ஒரு விரல்...

கடகடவென்று ஷட்டர் ஏறியது. வெயில் உள்ளே விழுந்தது. மணி 1.42. திரை கறுப்பு.

"இன்னா தேவா, இப்டி வேர்த்துப் போயிருக்குற?" என்றார் நசீர் பாய். உள்ளங்கையைக் காட்டினேன். இரண்டு வரிசையாகச் சின்னச் சின்னக் கொப்புளம். வரிசைக்குப் பதினாலு. சிப்பின் கால்கள் பதிந்திருந்தன. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இரண்டு பேரும் வெளியே வந்து வெயிலில் நின்றோம். சந்தில் கரண்ட் வந்தபோது மணி 2.10.

போர்டை அன்றைக்கே பார்சல் கட்டி, மெட்ராஸில் இருக்கும் என் நண்பர் பரந்தாமனுக்கு அனுப்பினேன். சிப்பில் பதிந்திருப்பதைப் படிக்கும் மெஷின் அவரிடம் இருந்தது. என்ன கோளாறு என்று மட்டும் கேட்டிருந்தேன். வேறு எதையும் எழுதவில்லை.

செப்டம்பர் 9, காலை 11.20. மெட்ராஸிலிருந்து என் கடைக்கு ட்ரங்க் கால் வந்தது. நசீர் பாய் பக்கத்தில் நின்றிருந்தார்.

"இன்னாத்துக்குப்பா இத எனக்கு அனுப்புன?" என்றார் பரந்தாமன். "கேம் பதியிற சிப்பு ஆறு இருக்குது. ஆறும் காலி. மேல ஒட்டுன ஸ்டிக்கரை இதுக்கு முன்னாடி யாரும் பிரிச்சதே இல்ல. அதப் பிரிக்காம உள்ள இருக்குறத அழிக்க முடியாது. இதுல எந்தக் கேமும் இல்ல தேவா. கரண்ட் குடுத்தா கோடுதான் வரும். படம் வராது."

போனை வைத்தேன். கேட்டதை அப்படியே நசீர் பாயிடம் சொன்னேன். அவர் மிகவும் மெதுவாகக் கேட்டார்.

"அப்போ நாலு மாசமா நம்ம ஜனங்க இன்னாத்த ஆடுனாங்க?"